வனிதா டீச்சராகாமல் போனது

வனிதா கழுத்தில் தாலி ஏறிய அன்றைக்கே, அவள் வாழவந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பேச்சு நின்றுபோயிற்று. அதில் அவள் குற்றம் ஒன்றுமில்லை. மணவறையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவளுக்குப் பந்தலுக்கு வெளியே யார் யாரைப் பார்த்து என்ன கேட்டார்கள் என்பதே தெரியாது.

பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியில் அந்த இரண்டு வீடும் ஒரே பாட்டன் சொத்து. ஆறுச்சாமிக்கு இரண்டு மகன்கள். மூத்தவருக்கு ஈஸ்வரமூர்த்தியும் கலாமணியும். இளையவருக்கு ஒற்றைப் பிள்ளை, அவன்தான் கோபிநாத். பாகம் பிரித்தபோது நடுவில் ஒரு கிளுவை வேலி போட்டார்கள். வேலி போட்டாலும் குழம்பும் மோரும் அதைத் தாண்டிப் போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருந்தன.

கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவள் அவன் பக்கத்தில் நின்று செய்ய வேண்டிய சீர். கூடப் பிறந்தவள் இல்லாவிட்டால் பெரியப்பன் மகளோ சித்தப்பன் மகளோ நிற்பாள். கோபிநாத்துக்குக் கலாமணிதான் நிற்க வேண்டியவள். ஆனால் அவள் புருசனைப் பறிகொடுத்து வருசம் திரும்பவில்லை. கோபிநாத்தின் அம்மா மருதாத்தாள், வாயைத் திறந்து யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், தத்தமங்கலத்தில் இருந்த தூரத்துப் பங்காளி மகளைக் கூட்டிவந்து நிறுத்திவிட்டாள். கலாமணி அன்றைக்குப் பட்டு கட்டிக்கொண்டுதான் வந்திருந்தாள். ஈஸ்வரமூர்த்தி தங்கச்சி கையைப் பிடித்து எழுப்பி, "இவ ஆகாதுன்னா நாங்களும் ஆகாது" என்று சொல்லி, இலையில் கை வைக்காமல் போனவன்தான். அப்புறம் அந்த வாசலை இவர்களும் மிதிக்கவில்லை, இந்த வாசலை அவர்களும் மிதிக்கவில்லை.

வனிதா வேலந்தாவளத்துப் பெண். அப்பா பொங்கியண்ணனுக்குத் தென்னந்தோப்பும் கொஞ்சம் வயலும். மகளைக் கணக்கில் பட்டம் படிக்க வைத்து, அதற்கு மேல் டீச்சர் படிப்பும் படிக்க வைத்தார். "டீச்சருக்குப் படிச்ச புள்ளைய வேலைக்கு அனுப்புவீங்களா" என்று பெண் பார்க்க வந்த அன்றே கேட்டார். "தாராளமா" என்றாள் மருதாத்தாள். கேட்டவரும் நம்பினார், சொன்னவளும் பொய்யாகச் சொல்லவில்லை. ஆனால் கல்யாணமாகி இரண்டாம் மழைக்கு மருதாத்தாள் களத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு விட்டுப்போயிற்று. கட்டிலோடு படுத்தாள். மாடு, மாமியார், அப்புறம் பிறந்த மகன் என்று வனிதாவின் படிப்பு பீரோவுக்குள் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது.

கோபிநாத் கெட்டவன் இல்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது. கோயம்புத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், அப்பன் போனதும் வயலுக்குத் திரும்பி வந்தான். வரும்போது ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஊரெல்லாம் ஓடுகிற சிஸ்டம் அதில் கிடையாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார்களே, அதுவும் கிடையாது. எந்தக் கம்பெனியும் இல்லாமல், நாலு தேசத்து ஆட்கள் சாயங்கால வேளையில் சும்மா உட்கார்ந்து செய்கிற ஒரு சிஸ்டம். அதற்கென்றே எழுதின பிரவுசர் ஒன்று அதிலேயே இருந்தது. வெளியில் இருந்து வேறு பிரவுசரைக் கொண்டுவந்து அதில் ஏற்றலாமாம். கோபிநாத் ஏற்ற மாட்டான். "அதுக்குன்னு பொறந்தது இருக்கைல எரவல் எதுக்கு" என்பான்.

அந்தப் பெட்டியோடு வனிதாவும் குடித்தனம் பழகிக்கொண்டாள். அதற்கும் நல்ல குணங்கள் உண்டு. ஸ்விட்சைப் போட்டு அடுப்பில் பால் பொங்குவதற்குள் எழுந்துவிடும். விளம்பரம் வந்து கண்ணை மறைக்காது. ஆனால் தமிழைத் திறந்தால் எழுத்துக்கு மேல் எழுத்து ஏறி நிற்கும். மலையாளத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாக வரும். படம் ஓடினால் சத்தம் வராது, சத்தம் வந்தால் படம் நின்றுபோகும். பாங்குப் பக்கத்துக்குப் போனால் 'உங்கள் பிரவுசர் இங்கே ஆகாது' என்று வாசலிலேயே தடுத்துவிடும். அதற்குக் கோபிநாத் ஒரு வழி வைத்திருந்தான். பிரவுசர் தன் பெயரை மாற்றி, ஊருக்கெல்லாம் தெரிந்த வேறொரு பிரவுசரின் பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே போகும். வனிதா இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். "ஏனுங்க, வேசம் போட்டுட்டுத்தான் பாங்குக்குப் போகோணுமா உங்க ஆளு?"

"உள்ள உட்டா வேலை செய்யுமுல்ல. ஆளைப் பாக்காம பேரைப் பாத்து வெரட்டறது அவனுக தப்பு" என்பான் அவன். அதிலும் ஞாயம் இருந்தது.

எது நின்றுபோனாலும், என்ன செய்யும்போது நின்றது என்று எழுதி அந்த ஆட்களுக்கு அனுப்புவான். ஜெர்மனியில் ஒருத்தன், பிரேசிலில் ஒருத்தன், பதில் போட்டு நன்றி சொல்வார்கள். கோயம்புத்தூர்க் கம்பெனியில் அவனை ஒருத்தனும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'பாலக்காடு' என்றுதான் கூப்பிட்டார்கள். இங்கே கடல் தாண்டி ஒருத்தன் 'கோபிநாத் சொன்னதால் சரி செய்தோம்' என்று எழுதுகிறான். அது அவனுக்கு எவ்வளவு பெரிய சாப்பாடு என்று வனிதாவுக்குத் தெரியும். அதனால்தான் சொந்தக்காரர்கள் "கோபி, உன்ற பொட்டி இன்னும் உசுரோட இருக்குதா?" என்று கிண்டல் பண்ணும்போதெல்லாம், "எங்கூட்டுக் கரண்ட் பில்லெல்லாம் அதுலதானுங்க கட்டறோம்" என்று அவள் முந்திக்கொண்டு சொல்லுவாள். மூன்று தடவை நின்று நாலாம் தடவை கட்டியது என்பதைச் சொல்ல மாட்டாள்.

இப்படி இருக்கையில் அவளுக்கு ஒரு வேலைக்கு வாய்ப்பு வந்தது. துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாகக் கணக்குச் சொல்லித்தரும் ஒரு கம்பெனி. வீட்டைவிட்டு வெளியே போக வேண்டாம். மாமியாருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, மாட்டைக் கட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் டீச்சர். எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டாள். இனி கேமரா முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். போனில் நடத்தக் கூடாது, கம்ப்யூட்டரில்தான். குறித்த நேரத்தில் வர வேண்டும், விட்டால் மறுபடி கூப்பிட மாட்டார்கள். வயசு வரம்பு வேறு வைத்திருந்தார்கள். அடுத்த வருசம் வனிதாவால் மனுப்போடவே முடியாது.

பின்னக்கணக்கை எடுத்துக்கொண்டாள். வாய்க்காலில் முறைத்தண்ணி வரும்போது நாலு வயலுக்கு எப்படிப் பங்கு பிரிகிறது, ஒருத்தன் தன் பங்கில் பாதியை அண்டை வயல்காரனுக்கு விட்டுக்கொடுத்தால் அவனுக்கு மொத்தத்தில் எவ்வளவு என்று படம் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. மாட்டுத் தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டே சத்தமாக நடத்திப் பார்த்தாள். "எருமைக்குப் பாடம் ஏறிருச்சா தாயி?" என்று கட்டிலில் இருந்தபடியே மருதாத்தாள் கேட்டாள். "ஏறிருச்சுங்கத்தை, கன்னுக்குட்டிக்குத்தான் இன்னும் பிடிபடல" என்றாள் வனிதா. அந்த வாரம் அந்த வீட்டில் சிரிப்பு இருந்தது.

அவள் அண்ணன் பூபதிராஜா போனில் கூப்பிட்டு, "அம்மிணி, என்ற லேப்டாப்பைக் கொண்டாந்து குடுத்துட்டுப் போறேன், அன்னிக்கி ஒரு நாளைக்கி வச்சுக்க" என்றான். வனிதா கோபிநாத்தின் முகத்தைப் பார்த்தாள். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். "வேண்டாண்ணா, எங்கூட்ல இருக்குதுல்ல" என்று சொல்லிவிட்டாள். அவள் வாயாலேயே சொன்ன சொல் அது.

கோபிநாத்தும் சும்மா இருக்கவில்லை. வயல் வேலையை விட்டுவிட்டுப் பெட்டியோடேயே கிடந்தான். அவனுடைய பிரவுசரில் கேமரா அதுவரைக்கும் வேலை செய்ததே கிடையாது. ஜெர்மனிக்காரனுக்கு எழுதி, அவன் புதிதாக எழுதி அனுப்பியதை ஏற்றி, முதல்நாள் சாயங்காலம் வனிதாவின் முகத்தைத் திரையில் கொண்டுவந்துவிட்டான். முகம் பச்சையாக இருந்தது. "கலரு நாளைக்கிச் சரியாயிரும்" என்றான். அவன் கண்ணில் இருந்த சந்தோசத்தைப் பார்த்துவிட்டு அவள் சேலைக்கு இஸ்திரி போடப் போனாள்.

மறுநாள் காலையில் தலைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட காட்டன் சேலை கட்டி உட்கார்ந்தாள். பக்கம் திறந்தது. அவள் பெயரைக் கேட்டது, போட்டாள். உள்ளே விட்டது. கேமராவைக் கேட்டது. கோபிநாத் 'சரி' என்று அமுக்கினான். பிரவுசர் அப்படியே மறைந்துபோயிற்று. திரையில் வெறும் நீலம்.

"ஒண்ணுமில்ல, மறுபடி தொறக்கறேன்."

திறந்தான். கேமரா வந்தது, சத்தம் வரவில்லை. "வந்துருச்சு, வந்துருச்சு, உக்காரு" என்றான். மறுபடி மறைந்தது. மூன்றாம் தடவை படம் தலைகீழாக வந்தது. அப்புறம் திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து, என்ன ஆயிற்று என்று எழுதி அனுப்புகிறீர்களா என்று கேட்டது. கோபிநாத் அனுப்ப உட்கார்ந்துவிட்டான். விரல் அந்தப் பழக்கத்தில் தானாகத் தட்டியது.

"ஏனுங்க, இப்பப் போயி எழுதிட்டு இருக்கறீங்களே!"

"எழுதுனாத்தான புள்ள என்ன தப்புன்னு தெரியும்."

வனிதா எழுந்து கொல்லைப்பக்கம் போய் நின்றாள். முதல்நாள் போட்ட வாய்க்கால் படம் கையிலேயே இருந்தது. கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் ஈஸ்வரமூர்த்தியின் பெண்சாதி யோகப்பிரியா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

இத்தனை வருசத்தில் அந்த இரண்டு பெண்களும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் ஒரே வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துணி காயப்போடுகிறவர்களுக்கு எல்லாம் தெரியும். எருமைக்கு நடத்திய பாடமும் வேலியைத் தாண்டித்தான் போயிருக்கும்.

"ஏ வனிதா" என்றாள் யோகப்பிரியா. "உன்ற பரீட்சை இன்னிக்கித்தான? எங்கூட்ல லேப்டாப்பு இருக்குது. வா."

வனிதா வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே தட்டுகிற சத்தம் கேட்டது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கிளுவை முள் முழங்கையில் கீற, வேலிச் சந்தில் நுழைந்து போய்விட்டாள்.

கட்டிலில் இருந்தபடியே ஜன்னல் வழியாக மருதாத்தாள் பார்த்துவிட்டாள். "ஏய்! எங்கடி போற? அவத்த எங்க போற?" என்று போட்ட சத்தம் இரண்டு வீட்டுக்கும் கேட்டது.

லேப்டாப் நன்றாகத்தான் இருந்தது. பக்கம் திறந்தது, எழுத்து எழுத்தாகத் தெரிந்தது, கேமராவில் வனிதாவின் முகம் மாநிறமாகவே தெரிந்தது. பெயரைப் போட்டாள். திரையில் ஒரு வரி வந்தது. 'இந்தப் பெயரில் வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள். அதை மூடிவிட்டு வாருங்கள்.'

வனிதா போனை எடுத்தாள்.

"ஏனுங்க, உங்க பொட்டில அந்தப் பக்கத்தைய மூடிருங்க. இங்க உள்ள உட மாட்டேங்குது."

"எங்க இருந்து பேசற?"

"யோகாக்கா ஊட்ல இருந்து."

மறுபுறம் தட்டுகிற சத்தம் நின்றது.

"அவிய ஊட்லயா."

"ஆமாங்க. மூடுங்க. மூடுனாப் போதும், நான் நடத்திக்கறேன்."

"நீ இங்க வா. இப்ப வந்துரும்."

"காலைல இருந்து அதையேதானுங்க சொல்றீங்க!"

"வனி, நாஞ் சொல்றத கேளு. அவன் பொட்டில நீ பாடம் நடத்தி, நாளைக்கி அவன் டீக்கடையில நின்னு 'கோபி பொட்டி ஆகல, எங்கூட்டுப் பொட்டிதான் வேலை வாங்கிக் குடுத்துச்சு'ன்னு பேசோணுமா? நான் கேட்டுட்டு நிக்கோணுமா?"

"அவரு பேசுனாப் பேசிட்டுப் போறாருங்க. எனக்கு வேலைங்க!"

கோபிநாத் போனை வைத்துவிட்டான். வனிதா மறுபடி பெயரைப் போட்டாள். மறுபடி அதே வரி.

வயலில் இருந்து ஈஸ்வரமூர்த்தி வந்தான். தம்பி பெண்சாதி உள்ளே இருக்கிறாள் என்று தெரிந்ததும் வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டான். தம்பி பெண்சாதியோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் அங்கே இல்லை. பெண்சாதியைப் பார்த்துத்தான் சொன்னான்.

"யோகா, அந்தப் புள்ளைகிட்டக் கேளு. நான் போயி அவனை மூடச் சொல்லட்டுமான்னு."

வனிதா தலையை ஆட்டினாள். "வேண்டாங்கக்கா. அவரு போனா அடிதடி ஆயிரும்."

அண்ணன் லேப்டாப்பை வேண்டாமென்றதற்கு அப்புறம், இது அவள் இரண்டாவது தடவையாகப் புருசனுக்காக விட்டுக்கொடுத்தது. யோகப்பிரியா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வனிதா வாங்கிக் கடகடவென்று குடித்தாள்.

போன் அடித்தது. கோபிநாத்.

"வனி! படம் வந்துருச்சு, சத்தமும் வந்துருச்சு! ஓடியா!"

காலையில் இருந்து இதே சொல்லை, இதே குரலில், எத்தனை தடவை கேட்டிருப்பாள். சத்தம் வராதபோதும் சொன்னான், தலைகீழாக வந்தபோதும் சொன்னான். "மூடுங்க" என்றாள் வனிதா. "உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், மூடுங்க."

"அட வந்துருச்சுங்கறேன்!"

அவள் போகவில்லை. பெயரைப் போட்டுக்கொண்டே இருந்தாள். அதே வரி வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அந்த வரி மாறி, நேரம் முடிந்தது என்று வந்தது. யோகப்பிரியா லேப்டாப்பை மூடிவிட்டு, மூடிய பலகையின் மேல் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

வனிதா வேலிச் சந்து வழியாகப் போகாமல் வாசல் வழியாகவே சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கோபிநாத் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். இந்தத் தடவை அவன் சொன்னது நிஜம். படம் வந்திருந்தது, சத்தமும் வந்திருந்தது, கலரும் சரியாக இருந்தது. தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க, அவள் நாற்காலியில் அவனே உட்கார்ந்திருக்கிறான். அந்தப் பக்கம் கேள்வி கேட்கிற அம்மாள் தெரிந்திருக்கிறாள். 'வனிதா எங்கே' என்று கேட்டிருக்கிறாள். "வந்துட்டே இருக்காங்க மேடம், ஒரு நிமிசம்" என்று இவன் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். அவள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்திருக்கிறாள். அப்புறம் போய்விட்டாள்.

"சொன்னேனில்ல வந்துருச்சுன்னு" என்றான் கோபிநாத். அவன் குரலில் கோபமும் இருந்தது, அதற்கு மேல் வேறொன்றும் இருந்தது. அதைச் சந்தோசம் என்று சொல்ல வனிதாவுக்கு மனசு வரவில்லை. "நாஞ் சொன்னப்பவே ஓடியாந்திருந்தா நீ நடத்தி முடிச்சிருப்ப. நம்பல நீ."

அதுவும் உண்மைதான்.

உள்ளறையில் இருந்து மருதாத்தாள் கூப்பிட்டாள். வனிதா போய்க் கட்டில் பக்கம் நின்றாள். பாடம் என்ன ஆயிற்று, வேலை கிடைத்ததா என்று மாமியார் கேட்பாள் என்று நினைத்தாள்.

"அவத்த, அவிய ஊட்ல, தண்ணி வாங்கிக் குடிச்சியா?"

வனிதா போர்வையை இழுத்துவிட்டாள்.

"கேக்கறனில்ல. காலு மிதிச்சது போகுது, அவசரத்துல மிதிச்சுட்ட. கையேந்தித் தண்ணி குடிச்சியா இல்லியா?"

"குடிச்சேனுங்க."

மருதாத்தாள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு வனிதா கொடுத்த கஞ்சியை அவள் வாங்கவில்லை. கோபிநாத் கரைத்துக் கொடுத்ததும் குடித்தாள்.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனியில் இருந்து பதில் வந்தது. வரச்சொன்னவர் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருந்த காரணத்தால் இந்தப் பெயரை நீக்கிவிட்டோம், இனி எப்போதும் மனுப்போட வேண்டாம் என்று இருந்தது. கோபிநாத்தின் பிரவுசரில்தான் வனிதா அதைப் படித்தாள். அன்றைக்கு அது ஒரு எழுத்துகூடக் கலையாமல் சுத்தமாகத் தெரிந்தது.

"ஆள் மாறாட்டம்னு நெனச்சுட்டானுக. நான் எழுதிக் கேக்கறேன்" என்றான் அவன்.

எழுதினான். அதற்குப் பதில் வரவில்லை. ஜெர்மனிக்காரனிடம் இருந்துதான் பதில் வந்தது. கோபிநாத் அன்றைக்கே கேமரா வேலை செய்த சேதியை அவர்களுக்கு எழுதியிருக்கிறான். அந்தப் பிரவுசரில் முகம் பார்த்து முழுசாகப் பேசிய முதல் ஆள் நீங்கள்தான் என்று அவர்கள் கொண்டாடியிருந்தார்கள். யார் யாரோ கைதட்டுகிற பொம்மைப் படங்கள் போட்டிருந்தார்கள். அவன் அதை வனிதாவுக்குக் காட்டவில்லை. அவள் மேசையைத் துடைக்கும்போது திரையில் தானாகவே பார்த்தாள். துடைத்துவிட்டுத் துணியை உதறினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூபதிராஜா போன் பண்ணினான். சத்தமாகப் பேசுகிறவன், பக்கத்தில் நின்றாலே கேட்கும்.

"என்னம்மிணி, ஒரு பேச்சும் காணோம்? டீச்சரம்மா ஆயாச்சா? அப்பா கேட்டுட்டே இருக்கறாரு."

வனிதா நிமிர்ந்தாள். கோபிநாத் வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலைக் கொடிக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தவன், கையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். நடந்ததைச் சொன்னால் அப்பா வண்டி ஏறி வருவார். அண்ணன் வாசலில் நின்று, 'நான் லேப்டாப் தாரேன்னு சொன்னனா இல்லியா' என்று கேட்பான்.

"கரண்ட் போயிருச்சுண்ணா" என்றாள். "சரியா அந்த நேரம் பாத்து."

"அட கெரகமே!" என்றான் அண்ணன்.

கோபிநாத் எழுந்து வந்தான். அவள் கையில் இருந்து போனை வாங்கிக்கொண்டான். தலைகுனிந்து நிற்பான் என்று அவள் நினைத்திருந்தாள். அந்தப் பொய்யைக் கேட்டு ஒரு நிமிசமாவது அவன் முகம் சுருங்கும் என்று நினைத்திருந்தாள்.

"ஆமா மச்சான்" என்றான் கோபிநாத், தெளிவாக. "எங்க பக்கத்து லைன் எப்பவும் இப்படித்தான். தென்னமட்டை ஒண்ணு உளுந்துருச்சு போல. கரண்ட் ஆபீசுக்குப் போன் மேல போன் போட்டேன், எடுக்கவே இல்ல. மத்தியானம் வந்து ஏணி போட்டு ஏறுனானுக பாருங்க, எனக்கு வந்த ஆத்திரத்துக்கு..."

வனிதா தவிட்டுக் குண்டாவை எடுத்துக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். தொழுவம் வரைக்கும் அவன் குரல் கேட்டது. அந்த ஏணியில் ஏறியவன் எந்த ஊர்க்காரன் என்பதுவரை சொல்லிக்கொண்டிருந்தான்.